பேசிக்கொண்டே ஏறினோம்: ஓட் ரூட் நாட்குறிப்பு

புறப்படும் முன், ஷமோனி

நாளைக் காலை கிளம்புகிறோம். பிரான்சில் ஷமோனியில் தொடங்கி சுவிட்சர்லாந்தில் செர்மாட்டில் முடிகிற 'ஓட் ரூட்'. உயர்வழி என்று பொருள். 1861-இல் ஆல்பைன் கிளப் என்ற மலையேறிகள் சங்கத்து ஆட்கள் கோடையில் நடந்து கண்ட பாதை. ஸ்கீயில் முதன்முதலாகக் கடந்தது 1911-இல். லிஃப்ட் ஓடும் பனிச்சறுக்குத் தளங்களை விட்டு வெளியே வந்து, யாரும் சமன் செய்யாத பனியில் சொந்தக் காலால் ஏறி, மறுபக்கம் சறுக்கி இறங்கி, இரவு மலைக்குடிலில் தங்கி, மறுநாள் அடுத்த கணவாய்க்குப் போவது. ஸ்கீ டூரிங் என்றால் இதுதான்.

நாங்கள் நான்கு பேர், கூட ஒரு வழிகாட்டி. நாங்கள் நால்வரும் சொந்தக்காரர்கள் இல்லை. ஆனால் பல பருவங்களாக ஒரே கயிற்றில் ஏறி ஏறி, முறை வைத்துக் கூப்பிடப் பழகிவிட்டோம். மூத்தவர் அண்ணன். பாறையேற்றத்தில் தேர்ந்தவர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு அறிவுரை சொல்லாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். பெரியக்கா குறைவாகப் பேசுவார், பேசினால் அளந்து பேசுவார். தம்பி இறக்கத்தில் புலி. அவனை யாரும் பிடிக்க முடியாது. ஏற்றத்தில் இது அவனுக்கு மூன்றாவது ஆண்டுதான். நான் சின்னக்கா. வழிகாட்டி இந்த மலைகளிலேயே வேலை செய்யும் சுவிஸ் பெண்மணி.

இன்று முழுக்கப் பயிற்சி. பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட ஆளுக்கொரு பீக்கன். 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடைவிடாமல் துடிக்கும் சின்னக் கருவி. எந்த நிறுவனம் செய்தாலும் அலைவரிசை ஒன்றுதான், அதனால் எந்தக் கருவியும் எதையும் கண்டுபிடிக்கும். வழிகாட்டி ஒரு பையைப் பனியில் புதைத்துவிட்டு, "ஓடுங்கள்" என்றார். தம்பி காற்றாய்ப் பறந்தான். மூன்று மீட்டர் நெருங்கிய பிறகும் அதே வேகத்தில் ஓடியதால், கருவி காட்டும் தூர எண் குறைந்து மறுபடி கூடியது.

"தம்பி, கிட்டப் போனதும் குழந்தையைத் தொட்டிலில் போடுவது மாதிரி போகணும்" என்றார் அண்ணன்.

"அண்ணா, உங்கள் போன் சட்டைப் பையிலேயே இருக்கிறது" என்றார் பெரியக்கா, கருவியை விட்டுக் கண்ணை எடுக்காமல். உண்மைதான். தேடும்போது போனும் மற்ற மின்கருவிகளும் பீக்கனிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் குறுக்கீடு வரும். அண்ணன் உடனே போனை அணைத்துப் பைக்குள் ஆழமாகப் போட்டார்.

கடைசிக் கட்டத்தில் பீக்கனைப் பனியோடு ஒட்டி வைத்து, குறுக்கும் நெடுக்கும் நகர்த்தி, எண் மிகக் குறைவாகக் காட்டும் இடத்தில் நிறுத்த வேண்டும். அங்கிருந்து 25 செ.மீ. இடைவெளியில் வட்டம் வட்டமாகக் குத்துக்கோல் இறக்க வேண்டும். தட்டுப்பட்டால் கோலை எடுக்கவே கூடாது. அதை அப்படியே விட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்ட வேண்டும். தேடுவதைவிடத் தோண்டுவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. உறைந்த பனிச்சரிவுக் குவியல் சிமெண்ட் மாதிரி. புதைந்தவரை முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு வாய்ப்பு செங்குத்தாக விழுகிறது. ஹெலிகாப்டர் வருவதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும். ஆகவே என்னைக் காப்பாற்றப் போவது இந்த நான்கு பேர்தான், வேறு யாரும் இல்லை. தம்பி நான்காவது முறை நான்கு நிமிடத்தில் பையை எடுத்தான். நாங்கள் கைதட்டினோம். பெரியக்கா ஐந்தாவது முறை புதைக்கச் சொன்னார்.

முதல் நாள், ஆர்ஜாந்தியேர் குடில்

லிஃப்டில் ஏறி, சறுக்கி இறங்கி, ஆர்ஜாந்தியேர் பனியாற்றுக்கு வந்து சேர்ந்தோம். பிறகு ஸ்கின் ஒட்டி ஏற்றம். புதிதாக வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்கீயின் அடிப்பக்கத்தில் பசையோடு ஒட்டும் நீளமான பட்டைதான் ஸ்கின். அதன் இழைகள் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் இழுத்தால் பிடிக்கும். ஒரு காலத்தில் கடல்நாய்த் தோலில் செய்தார்கள். இப்போது மோஹேர் ஆட்டு ரோமம், நைலான், அல்லது இரண்டும் கலந்தது.

வழிகாட்டி முதல் அடியிலேயே வேகத்துக்கு ஒரு விதி சொன்னார்: "கதை சொல்ல முடிகிற வேகம். ஒரு வாக்கியத்தை முடிக்க நடுவில் மூச்சு வாங்கினால், நீங்கள் வேகமாகப் போகிறீர்கள்."

தம்பி அதை அப்படியே எடுத்துக்கொண்டான். ஒரு மர்மோட்டின் கதையைத் தொடங்கினான். மர்மோட் என்பது இந்த மலைகளில் வளையில் வாழும், அணில் இனத்தைச் சேர்ந்த குண்டு விலங்கு. ஆண்டில் பாதி நாள் தூங்கும். தம்பியின் மர்மோட் குளிர்காலத்தில் நடுத்தூக்கத்தில் விழித்துவிடுகிறது. வெளியே வந்து பார்த்தால் உலகம் முழுக்க வெள்ளை. மற்ற மர்மோட்டுகள் பனியைப் பற்றிச் சொன்னதெல்லாம் கனவு என்றுதான் அது நினைத்திருந்தது. இங்கே நிறுத்திவிட்டான், மீதி நாளைக்காம்.

அண்ணன் வழி நெடுகக் கிக் டர்ன் வகுப்பு எடுத்தார். செங்குத்துச் சரிவில் வளைந்து திரும்பும்போது மேல் ஸ்கீயை முதலில் சுழற்றி வைத்து, எடையை அதன் மேல் முழுக்கப் போட்டு, பிறகு கீழ் ஸ்கீயின் குதிகாலைத் தட்டி எடுக்க வேண்டும். எல்லாரும் எடையைப் போடாமலே இரண்டாவதை இழுக்கப் பார்த்து மாட்டிக்கொள்வார்கள். "பயந்தால் உடம்பு மலைப்பக்கம் சாயும், சாய்ந்தால் ஸ்கின் பிடிக்காது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை எனக்கு யாராவது முதல் ஆண்டே சொல்லியிருக்கலாம்.

குடில் 2,771 மீட்டரில் இருக்கிறது. எதிரே லே த்ருவாத், லே கூர்த் மலைகளின் வடக்கு முகங்கள் சுவர் போல நிற்கின்றன. பக்கத்தில் எய்குயி வேர்த், 4,122 மீட்டர். அதன் மேல் முதலில் ஏறியவர் எட்வர்ட் விம்பர், 1865 ஜூன் 29-இல், இரண்டு வழிகாட்டிகளோடு. அடுத்த இரண்டே வாரத்தில், ஜூலை 14-இல், அவரே மாட்டர்ஹார்ன் உச்சியையும் தொட்டார். இறங்கும்போது ஏழு பேரில் நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். எங்கள் பயணமும் இந்த மலையின் காலடியிலிருந்து, செர்மாட்டுக்கு மேலே நிற்கும் அந்த மாட்டர்ஹார்னின் காலடிக்குத்தான். மாலை முழுக்க அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள், த்ரியான் குடில்

நீண்ட நாள். விடிவதற்கு முன்பே கிளம்பினோம். உடம்பு நடுங்கும் அளவு குறைந்த உடையில் கிளம்புவதுதான் சரி. கிளம்பிப் பத்து நிமிடத்தில் வேர்த்துவிட்டால் அந்த ஈரம் கணவாயில் காற்றடிக்கும்போது உறையும். "குளிரோடு கிளம்பு" என்று பெரியக்கா தினமும் சொல்கிறார். தம்பி தினமும் தடித்த ஜாக்கெட்டில் கிளம்பி, பத்து நிமிடத்தில் எல்லாரையும் நிறுத்திக் கழற்றுகிறான். இன்று நிறுத்தியபோது பெரியக்கா ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தார். நாளை அவன் மாறிவிடுவான் என்று நினைக்கிறேன்.

ஷர்தொனே கணவாய் 3,323 மீட்டர். கடைசிப் பகுதியில் ஸ்கீயை முதுகில் கட்டி, பூட்ஸின் அடியில் கிராம்பான் என்ற இரும்பு முட்களை மாட்டி ஏறினோம். கணவாயின் மேல் பிரான்ஸ் முடிந்து சுவிட்சர்லாந்து தொடங்குகிறது. மறுபக்கம் பார்த்ததும் வயிறு சில்லிட்டது. அவ்வளவு செங்குத்து. வழிகாட்டி எங்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் இறக்கினார். முன்னால் வேறு குழு இருந்ததால் காத்திருக்க நேர்ந்தது. காத்திருக்கும்போதுதான் பொருள்கள் கை நழுவும். ஒருவர் கையுறை நழுவிச் சரிவில் ஓடிப் போனதைக் கண்ணெதிரே பார்த்தோம். நல்லவேளை, அவரிடம் மாற்றுக் கையுறை இருந்தது. கையுறைக்கு மணிக்கட்டு வார் கட்டாயம், மாற்றுக் கையுறை அதைவிடக் கட்டாயம். 3,000 மீட்டருக்கு மேல் காற்றில் வெறுங்கையோடு பத்து நிமிடம் என்றால், பிறகு கொக்கி மாட்டவே விரல் இருக்காது.

சலெய்னா பனியாற்றைக் கடந்து, இன்னொரு சிறு கணவாய் ஏறி, த்ரியான் பீடபூமி. பால் ஊற்றி வைத்த தட்டு மாதிரி விரிந்து கிடக்கிறது. தம்பியின் மர்மோட் இன்று தூங்க முடியாமல் வேறொரு வளையின் கதவைத் தட்டியது. உள்ளே இருந்தவர்கள் குறட்டை விட்டார்கள்.

இரவு குடிலில் பெரிய வாதம். பனியாற்றில் எப்போது கயிறு கட்ட வேண்டும்? அண்ணன் சொன்னது: வசந்தத்தில் பனி தடிமனாக இருக்கிறது, ஸ்கீ எடையைப் பரப்பிவிடுகிறது, நடப்பவனைவிட ஸ்கீயில் போகிறவனுக்குப் பிளவை மூடியிருக்கும் பனிப்பாலம் உடையும் ஆபத்து குறைவு, கயிறு வேகத்தைக் கெடுக்கும். பெரியக்கா சொன்னது: குறைவு என்றால் இல்லை என்று பொருள் இல்லை.

"அண்ணா, நேற்று கயிறு யார் பையில் இருந்தது?"

"வழிகாட்டி பையில்."

"முன்னால் போவது யார்?"

"வழிகாட்டி."

"பனிப்பிளவில் முதலில் விழ வாய்ப்பு யாருக்கு?"

அண்ணன் சிரித்துவிட்டார். கயிறோடு சேர்ந்தே ஒருவர் பிளவுக்குள் விழுந்தால் மேலே நிற்பவர்கள் என்ன செய்வார்கள்? வழிகாட்டியும் இதைக் கேட்டுவிட்டு, தன்னிடம் உள்ள இரண்டாவது மெல்லிய கயிற்றை எடுத்து, இனி கடைசியாக வருபவர் சுமக்கட்டும் என்றார். கடைசியாக வருவது தம்பி. கயிறு கட்டுவதைப் பற்றி வழிகாட்டி சொன்னது இது: பார்வை மங்கினால், புதுப் பனி பிளவுகளை மூடியிருந்தால், வெயிலில் பாலம் இளகினால் கட்டுவேன். இறங்கும்போது பெரும்பாலும் கட்ட மாட்டேன், ஆனால் ஹார்னஸ் என்ற வார்க்கச்சை எப்போதும் இடுப்பில், கயிறு மாட்டும் கொக்கியான கேரபினர் எப்போதும் வெளியே தெரியும்படி. விழுந்தவர் உடம்பில் ஹார்னஸ் இல்லையென்றால் மேலிருந்து கயிறு போட்டும் பயனில்லை.

மூன்றாம் நாள், மோன் ஃபோர் குடில்

சுருக்கமாக எழுதுகிறேன், கண் சொக்குகிறது. எகாந்தி கணவாய் வழியாக ஆர்பெத் பள்ளத்தாக்கில் இறங்கி ஷாம்பே. மேலே மாவுப் பனி, நடுவில் மேலோடு உடையும் பனி, கீழே சேறு. ஒரே இறக்கத்தில் மூன்று பருவம். ஷாம்பேயிலிருந்து வண்டியில் வெர்பியே, லிஃப்ட், பிறகு 2,457 மீட்டரில் இந்தக் குடில்.

தம்பி குதிகாலில் கொப்புளம். முதல் நாள் சூடாக உணர்ந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். கொப்புளத்துக்கு மருந்து, அது வருவதற்கு முன் ஒட்டும் டேப்தான். "ஏன்டா சொல்லல?" என்று அண்ணன் கேட்டதற்கு, "நிறுத்த வேண்டாம்னு நினைச்சேன்" என்றான். பெரியக்கா கொப்புளத்தைச் சுற்றிப் பஞ்சு வளையம் வைத்துக் கட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "நீ நிறுத்தினால் ஐந்து நிமிடம். உன் கால் நிறுத்தினால் எல்லாருக்கும் ஒரு நாள்."

நான்காம் நாள், ப்ராஃப்ளூரி குடில்

இன்று தம்பி மெல்லிய சட்டையில் கிளம்பினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பெரியக்கா ஒரு பாதாம் கொடுத்தார்.

ரோசாப்லான்ஷ், 3,336 மீட்டர். வானம் கண்ணாடி. ஏறும் வழியில் ஒரு வெட்டில் பனியின் அடுக்குகள் தெரிந்தன. நடுவில் மங்கிய ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு. சகாரா பாலைவனத் தூசு, தெற்குக் காற்றில் மத்தியதரைக் கடலைத் தாண்டி வந்து ஆல்ப்ஸ் மேல் படிகிறது. அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. நிறம் கறுத்த பனி வெயிலை அதிகம் உறிஞ்சுகிறது, அந்த அடுக்கை ஒட்டிப் பனி வேறு விதமாக உருகி உறைகிறது, சில நேரம் அங்கே ஒரு பலவீனம் உருவாகிறது.

பனிச்சரிவு பற்றி எனக்கு மிக உதவியது கோணம்தான். கட்டியாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவு பெரும்பாலும் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில்தான் தொடங்குகிறது. சறுக்குவதற்கு மனம் இழுப்பதும் 30-க்கும் 45-க்கும் நடுவில்தான், சிக்கலே அங்கேதான். வெர்னர் முண்டர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டி வகுத்த '3 பெருக்கல் 3' முறையை வழிகாட்டி இன்று சொல்லிக் கொடுத்தார். பனியும் வானிலையும், நிலப்பரப்பு, மனிதர்கள் என்று மூன்று. இந்த மூன்றையும் முதலில் வீட்டில் வரைபடத்தின் முன், பிறகு அந்த வட்டாரத்தில் வந்து நின்று, கடைசியாகத் தனிச் சரிவின் விளிம்பில் பார்க்க வேண்டும். மூன்று தடவை மூன்று கேள்வி.

"மூன்றாவதுதான் எல்லாரும் விடுவது" என்றார். "பனியைக் குழி தோண்டிப் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்."

பிறகு சமதளத்தை ஒட்டிய ஒரு மென்சரிவில் காலடியில் 'வும்ம்' என்று ஒரு சத்தம். ஒரு பெரிய பெட்டி மூடுவது போல. பனியின் அடியில் உள்ள பலவீனமான அடுக்கு உடைந்து, மேல் தட்டு இறங்கும் சத்தம் அது. எல்லாரும் சிலையானோம். கோணம் குறைவு, மேலேயும் செங்குத்து எதுவும் இல்லை, அதனால் ஆபத்தில்லை. ஆனால் இதே சத்தம் 35 பாகைச் சரிவில் கேட்டிருந்தால், கேட்ட நொடியே நாம் நகரும் தட்டின் மேல் இருப்போம். வழிகாட்டி உடனே இறங்கும் வழியை மாற்றினார். நிழல் பக்கத்தை விட்டு, காலை வெயிலில் மேல்பகுதி மட்டும் இளகிய தென்கிழக்குச் சரிவுக்கு வந்தோம். ஒருவர் இறங்கும்வரை மற்றவர்கள் பத்திரமான இடத்தில். இரவில் உறைந்து காலையில் இரண்டு செ.மீ. மட்டும் இளகும் அந்தப் பனிக்கு ஃபிர்ன் என்று பெயர். வெண்ணெயில் கத்தி. ஆனால் அதற்கு ஒரு மணி நேரம்தான் ஆயுள். முன்னால் போனால் கண்ணாடி, பின்னால் போனால் கஞ்சி, இன்னும் தாமதித்தால் ஈரப் பனிச்சரிவு.

தம்பி இறங்கியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பனியில் அவன் எழுதிய கோடு மாலை வரை மின்னியது.

ஐந்தாம் நாள், டிஸ் குடில்

டிஸ் ஏரியின் கரையோரமாக நீண்ட நடை. ஏரியைக் கட்டி நிறுத்தியிருப்பது கிராந்த் டிக்சான்ஸ் அணை, 285 மீட்டர் உயரம், தன் எடையாலேயே நீரைத் தாங்கும் அணைகளில் உலகிலேயே உயரமானது. கரைக்கு மேலே உள்ள சரிவுகள் வெயில் ஏறினால் பனியை உதறும். எனவே அதற்குள் கடந்துவிட வேண்டும் என்று விடியும் முன்பே கிளம்பினோம். ஆளுக்கு ஆள் ஐம்பது மீட்டர் இடைவெளி விட்டு, ஒருவர் பின் ஒருவராக, நிற்காமல். அப்படிப் போகும்போது மர்மோட் கதையைத் தம்பி கத்திக் கத்திச் சொன்னான். அண்ணன் முன்னாலிருந்து கத்தித் திருத்தினார். மர்மோட்டுக்குக் கால் அவ்வளவு நீளமில்லையாம். அது இப்போது ஒரு பனிப்பாறைக் குகைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

குடில் 2,928 மீட்டரில், ஒரு பாறைத் திட்டின் மேல். எதிரே மோன் ப்லான் த ஷெயிலோனின் வடக்கு முகம். பூட்ஸும் பனிக்கோடரியும் வாசலில் விட்டு, குடிலின் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போனால், நனைந்த ஸ்கின்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன. ஸ்கின்னை அடுப்புக்கு மிக அருகில் போடக்கூடாது, பசை கெடும். பசை ஈரமாகித் தோற்றால், ஏறும்போது ஸ்கின்னை ஸ்கீயோடு சேர்த்துக் கட்ட இரண்டு ரப்பர் வார் வேண்டும். உடைந்த கம்பு, கழன்ற பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டு), கிழிந்த பூட்ஸ், எல்லாவற்றுக்கும் அதுதான் முதலுதவி. எங்கள் நால்வரிடமும் சேர்த்து ஆறு இருக்கிறது.

பக்கத்து மேசையில் இரண்டு குழுக்கள். பேச்சு பைண்டிங் பக்கம் போனது. முன்னால் இரண்டு சின்ன ஊசிகள் பூட்ஸைக் கவ்விப் பிடிக்கும் 'பின்' பைண்டிங்தான் இன்று எல்லாரிடமும். 1980-களில் ஃப்ரிட்ஸ் பார்தெல் என்ற ஆஸ்திரியர் கண்டுபிடித்தது. எடையைக் குறைப்பதுதான் அவர் நோக்கம். ஏறும்போது ஊசியைப் பூட்டிவிடுவோம், இறங்கும்போது பூட்டைத் திறக்க மறந்தால் விழும்போது ஸ்கீ கழலாது. அண்ணன் தன் பட்டியலைச் சொன்னார்: பூட்ஸ் துளையில் பனிக்கட்டி இருக்கிறதா என்று குத்திப் பார், கால் வைத்ததும் மூன்று முறை உதை, பிறகு பூட்டைப் பார். மற்றொரு மேசைக்காரர் தன் பட்டியலைச் சொன்னார். அரை மணி நேரம் பெரியவர்கள் பள்ளிப் பிள்ளைகளைப் போலப் பேசினார்கள். இப்படிப்பட்ட மாலைகளுக்காகத்தான் நான் மலைக்கு வருகிறேன் என்று சில நேரம் தோன்றும்.

மாலை 5 மணிக்கு டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனத்தின் பனிச்சரிவு அறிக்கை. நாளைக்கு ஐந்து நிலைகளில் 2-ஆம் நிலை, மிதமானது. ஆனால் காற்று கூடும், மதியத்துக்குப் பின் மேகம். நாளை பீஞ் தரோலா உச்சியைத் தாண்டி வின்யெட் குடில். 3,790 மீட்டர், இந்தப் பாதையின் உயரமான இடம்.

வழிகாட்டி குரலைத் தாழ்த்தி 2018-ஐச் சொன்னார். ஏப்ரல் 29 அன்று இதே குடிலிலிருந்து கிளம்பியவர்கள் பீஞ் தரோலா பக்கம் புயலில் மாட்டினார்கள். முன்னால் இருந்த கை தெரியாத வெண்மை. இரவு முழுக்க வெளியே. வின்யெட் குடில் சில நூறு மீட்டர் தூரத்தில் இருந்தது. ஏழு பேர் இறந்தார்கள். மேசையில் யாரும் பேசவில்லை. பிறகு பெரியக்கா கேட்டார்: "நாளை எங்கே நின்று நாம் முடிவு செய்வோம்?" வழிகாட்டி வரைபடத்தில் செர்பான்டீன் என்ற செங்குத்துச் சரிவின் அடியைக் காட்டினார். அங்கே வரை திரும்புவது எளிது, அதற்கு மேல் கடினம்.

ஆறாம் நாள், மறுபடி டிஸ் குடில்

திரும்பி வந்துவிட்டோம்.

அதிகாலை கிளம்பும்போது நட்சத்திரம் இருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து காற்று திடீரென்று கூடியது. பனித்துகள்கள் கண்ணாடிக்குள் புகுந்தன. மேலே மேகம் கணவாயைக் கவ்வியிருந்தது, வானிலை அறிக்கை சொன்னதைவிட ஐந்து மணி நேரம் முன்னதாக. தெரியும் தூரம் இருபது மீட்டர், பிறகு ஐம்பது, மறுபடி இருபது.

நான் கவனித்தது வேறு. தம்பி கதை சொல்லவில்லை. குகைக்குள் இருந்த மர்மோட் குகைக்குள்ளேயே இருந்தது. அண்ணன் கடைசி ஒரு மணி நேரத்தில் ஒரு அறிவுரைகூடச் சொல்லவில்லை. நானும் பேசவில்லை. வேகம் அதிகம் இல்லை, மூச்சு வாங்கவில்லை, எல்லாராலும் கதை சொல்ல முடியும். யாரும் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் தன் பயத்தைத் தானே வைத்துக்கொண்டு, முன்னால் போகிறவர் நிறுத்துவார் என்று நடந்துகொண்டிருந்தோம்.

செர்பான்டீன் அடிக்கு வந்ததும் வழிகாட்டி நின்று, திரும்பி, எங்களை வட்டமாக நிற்கச் சொன்னார். தன் கருத்தைச் சொல்லவில்லை. வயதில் சின்னவரிடமிருந்து தொடங்கலாம் என்றார்.

தம்பி காலைப் பார்த்தான். "எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

அவன் எங்களில் சிறந்த சறுக்குக்காரன். அவன் அப்படிச் சொன்னது மற்ற மூன்று பேருக்கும் வாயைத் திறந்துவிட்டது. எனக்கும் பயம் என்றேன். பெரியக்கா, "தெரியும் தூரம் இருபது மீட்டர், மேலே போய்த் திரும்ப முடியாது, எனக்கு இது போதும்" என்றார். அண்ணன் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். நான்கு வருடமாக இந்த உச்சிக்காகக் காத்திருந்தவர். "சரி, திரும்பலாம்" என்றார். பெரியவர்கள் முதலில் பேசியிருந்தால் தம்பி அதைச் சொல்லியிருப்பானா என்று எனக்குச் சந்தேகம்.

குடிலுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது. பதினொன்றுக்கு மேகம் கலைந்தது. பன்னிரண்டுக்கு வானம் முழுக்க நீலம். பீஞ் தரோலா உச்சியில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன, எங்களுக்குப் பின் கிளம்பி, காத்திருந்து, போனவர்கள். அவர்கள் வின்யெட் குடிலுக்குப் பத்திரமாகப் போய்விட்டார்கள் என்று மாலையில் செய்தி வந்தது. மனமார மகிழ்ந்தோம். ஆனாலும் நெஞ்சில் ஒரு கனம்.

தம்பி வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தான். "அண்ணா, நான் சொல்லாமல் இருந்திருந்தால் போயிருப்போம் இல்ல?"

அண்ணன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் எதுவும் சொல்லவில்லை. பிறகு: "நீ சொன்னது ஏழு மணிக்கு. ஏழு மணிக்கு வானம் எப்படி இருந்தது?"

"ஒன்றும் தெரியல."

"அவ்வளவுதான். பன்னிரண்டு மணி வானத்தை ஏழு மணிக்குக் கொண்டுபோகாதே."

ஒருநாள் போனது, செர்மாட் வரையான கடைசி நாளுக்கு வேண்டிய தெளிவான வானிலை நாளை மறுநாள் இல்லை. வின்யெட்டிலிருந்து செர்மாட் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், மூன்று கணவாய், நடுவில் சிறிது தூரம் இத்தாலி. அதைக் காற்றில் செய்ய முடியாது. நாளை அரோலாவுக்கு இறங்குகிறோம்.

ஏழாம் நாள், அரோலா

பா தெ ஷேவ்ர், ஆடுகளின் கணவாய், 2,855 மீட்டர். ஷெயிலோன் பனியாற்றைக் கடந்து போனால் பாறைச் சுவரில் இரும்பு ஏணிகள் பதித்திருக்கிறார்கள். பையின் இரு பக்கமும் ஸ்கீயைக் கட்டி ஏறினோம். ஸ்கீ நுனிகளைத் தலைக்கு மேல் ஒன்றாகக் கட்ட வேண்டும், தளர்வாக விட்டால் ஏணியில் தட்டி ஆளைத் தள்ளும். பூட்ஸின் கணுக்காலைத் தளர்த்திக்கொண்டால் படியில் கால் சரியாக உட்காரும். இந்த இரண்டையும் அண்ணன் ஏணியின் அடியிலிருந்து உரக்கச் சொன்னார், ஏற்கெனவே மேலே போய்விட்ட பெரியக்காவுக்கும் சேர்த்து.

"கேட்டுட்டேன் அண்ணா, நாலாவது தடவை" என்று மேலிருந்து பதில் வந்தது.

தம்பி கடைசி. இரண்டாவது கயிறு இன்னும் அவன் பையில்தான். ஏணியின் நடுவில் நின்று, "சின்னக்கா, அந்த மர்மோட் குகைக்குள்ளிருந்து எப்படி வெளியே வந்தது தெரியுமா?" என்றான். மேலே ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தான். குகைக்கு இன்னொரு வாசல் இருந்ததாம், வந்த வழியிலேயே, உள்ளே போகும்போது அது கவனிக்கவில்லையாம்.

கணவாயிலிருந்து அரோலா வரை கீழே கஞ்சிப் பனி, பிறகு புல் தெரிந்த இடங்களில் ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு நடை. ஊருக்குச் சற்று மேலே, தெற்குப் பார்த்த சரிவில் எங்கிருந்தோ கூர்மையாக ஒரு விசில் கேட்டது. ஐந்து பேரும் அப்படியே நின்றோம். மறுபடி கேட்டது. ஒரு பாறையின் மேல், பனி கரைந்த ஈர மண்ணுக்குப் பக்கத்தில், பழுப்பு நிறத்தில் குண்டாக ஒன்று பின்னங்காலில் எழுந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கால் நீளம்தான், அண்ணா" என்றான் தம்பி மெதுவாக.